முள்ளித்துறைக்கு நாற்பது பேழை

அலைவாய் நாட்டை ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னர் திருமாவேளின் ஆணையால், கடல்துறைகள் அனைத்துக்கும் அமைச்சராகிய எயினி, கோடிமுனைப் பெருந்துறைத் தலைவர் ஆதன் அழிசியாருக்கு விடுக்கும் திருமுகம். உமது பகுதியில் மழை பொய்யாதிருக்க. உமது மாடங்கள் நிலைத்திருக்க. ஓலை மரபு கேட்பதால் இவ்வாழ்த்துகள். என் மனம் கேட்டு எழுதியவை அல்ல.

ஏழாண்டுகளுக்கு முன், வணிகர் தம் சரக்கை ஒரே அளவுள்ள மரப்பேழைகளில் அடைத்து அனுப்பும் வழக்கம் வந்தபோது, எம் சிறிய முள்ளித்துறைக்கும் பெருங்கப்பல் விடலாமா என்று மன்னர் வினவினார். மதிப்பிட வந்தவர் நீர். கடல் கொந்தளிக்கும் ஆடியில் வந்து, கரையில் கிடந்த பேழைகளை எண்ணி, ஆண்டுக்கு நாற்பதுக்கு மேல் தேறாது என்று முத்திரையிட்டீர். ஈ ஓட்டும் துறைக்குக் கப்பல் எதற்கு என்று நீர் கூற, அவையோர் சிரித்தனராம். கப்பலே அணையாத கரையில் சரக்கை எவர் கொண்டுவந்து குவிப்பார்? இதை அறியாதவரா நீர்?

கப்பல் மறுக்கப்பட்டது. உள்நாட்டுச் சரக்கு வண்டிகள் வந்து கூடும் கூட்டுச்சாலையிலிருந்து எம் துறைக்கு அரை நாள், உமது துறைக்கு வண்டியில் நான்கு நாள் வழி. காத்திருக்க இயலாத வணிகர் சிலர் எம் ஊர்ப் படகுகளில் பேழைகளை ஏற்றி உம்மிடம் அனுப்பினர். மீன்பிடிக்கச் செய்த படகு அப்பாரத்தைத் தாங்குமா? என் தம்பி கீரனும் அவனோடு பதினொருவரும் உமது கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் மூழ்கினர். நான் அழுதேன், அழுது முடித்தபின் எண்ணத் தொடங்கினேன்.

கூட்டுச்சாலையில் மாடுகளுக்கு லாடம் அடிக்கும் கொல்லர் பட்டறையில் ஓராண்டு அமர்ந்தேன். எல்லா வண்டியும் அங்கே நிற்கும். முள்ளித்துறைக்குக் கப்பல் வந்தால் அங்கே சரக்கை இறக்குவீரா என்று வண்டிக்காரர் ஒவ்வொருவரையும் கேட்டேன். அரை நாளில் சேரும் துறையிருக்க, நான்கு நாள் மாட்டை வதைக்கத் தமக்கென்ன பைத்தியமா என்று பலர் என்மேல் எரிந்து விழுந்தனர். அப்படிச் சொன்னவர்களின் வண்டிகளில் இருந்த பேழைகள் மட்டும் ஆறாயிரத்து இருநூறு. உமது துறைக்கு அவ்வாண்டு வந்தவை மொத்தம் ஒன்பதாயிரம். எமக்குரியதை மறைத்தே நீர் பெருந்துறைத் தலைவர் ஆனீர்.

இக்கணக்கைக் கேட்ட மன்னர், என்னைத் துறைகளுக்கு அமைச்சராக்கி, உமது தலையைக் கொய்து வரச் செய்யலாமா என்று வினவினார். வேண்டா என்றேன்.

ஆகவே ஆணையாவது: வரும் தை முதல் பெருங்கப்பல்கள் முள்ளித்துறையில் அணையும். உமது சுமையாட்களில் இருநூறு பேர் குடும்பத்தோடு இங்கே குடியேறிவிட்டனர். இவ்வோலையைக் கொணரும் சேந்தன் அவர்களின் தலைவன், உமக்குப் பழக்கமானவனே. துறை முத்திரையை அவன் கையில் கொடும். அவனும் உம்மிடம் தங்கான். நீர் மட்டும் கோடிமுனையை விட்டு அகலலாகாது. அத்துறை வெறுமையாவதை நாள்தோறும் காண உம்மைவிடத் தகுந்தவர் எனக்குக் கிடைக்கவில்லை.

கீழுள்ள சங்கு இலச்சினை மன்னருடையது. உமது உயிரை விட்டுவைக்கும்படி கேட்டுப் பெற்றவள் கீரனின் அக்காள்.