கூடைக் கயிறு இழுத்த வீக்கம்

நவம்பர், ஞாயிறு இரவு. பதுளை.

இன்று லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில் தங்கை ஸ்டெல்லாவைப் பார்த்த அதிர்ச்சி இன்னும் அடங்கவில்லை. கழுத்துக் கட்டியை ஊசி குத்திச் சோதிக்கவேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொல்லி மாதங்களாகிவிட்டன, அவள் போகவேயில்லை.

"கொழுந்துக் கூடைக் கயிறு இழுத்த வீக்கம்ண்ணே. கயித்த மாத்திப் போட்டுக்கிட்டேன், வத்திடும். ஊசி குத்துனா கட்டி கோவிச்சுக்கும்," என்றாள். அதையும் வெறும் காற்றாகத்தான் சொன்னாள், குரல் அடைத்துப்போயிருந்தது.

அவள் கணவன் சிரித்தான். "இப்பதாங்க மச்சான் வீடு அமைதியா இருக்கு!"

கட்டி குரல் நரம்பைத் தொட்டுவிட்டதா என்று நினைக்கவே அஞ்சுகிறேன். காலையில் வேன் பிடித்துப் போய் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வருவேன். வேண்டாமென்று கத்துவதற்கு அவளிடம் குரல் இல்லை.