கடலுக்குப் போகணும் என்றாள் உமா

என்னைத் தனியாக விட்டுப் போன மக்கா அந்தோணி,

இது நான் எழுதுகிற முதல் கடிதம். யாரையும் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் சாயங்காலம் எங்களை மாதிரி வயசானவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அங்கே போய்ப் படித்தேன். என் பெயரை எழுதத் தெரிந்த அன்று, களத்து மண்ணில், மாட்டின் முதுகில், எங்கே பார்த்தாலும் விரலால் எழுதிப் பார்த்தேன்.

மீன் பெட்டி கட்டிய சைக்கிளை வரப்போரம் சாய்த்துவிட்டு எனக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவாயே. "ஓய் தாணு, வயல்ல எலி எந்தப் பக்கமாப் போச்சுன்னு மண்ணைப் பாத்துச் சொல்லுவீரு. இந்தக் கொட்டை எழுத்து உமக்குத் தெரியாதா?" என்று கேலி செய்வாயே. இப்போது கருங்கல், புதுக்கடை என்று ஊர்ப் பெயர் போட்டு வருகிற பஸ்ஸை எல்லாம் சத்தமாக வாசிக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு அது சந்தோஷம்தான்.

ஆனால் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கை வலிக்கிறது. அதனால் விஷயத்துக்கு வருகிறேன். நான் பெரிய கஷ்டத்தில் இருக்கிறேன், மக்கா. கடல் தெரிந்தவன் என்று எனக்கு இருந்தது நீ ஒருத்தன்தான்.

உன் மீன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாளே என் மகள் உமா, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வயல் சேறு மாதிரி நல்ல கறுப்பு, நல்ல மினுமினுப்பு. மருமகன் சவுதியில் இருக்கிறான். உமாவின் அம்மா இல்லாத வீடு என்பதால், பேறுகாலம் பார்க்க அஞ்சுகிராமத்திலிருந்து என் தங்கச்சி லெட்சுமி வந்தாள். மருந்து அரைத்துக் கொடுத்தாள், பச்சிலை போட்டுக் கொதித்த தண்ணீரில் வேது வைத்துக் குளிப்பாட்டினாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆனாலும் உமா பேசுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், கீழே கிடத்துவாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சோறு ஆறிக் காய்ந்து கிடக்கும். பிள்ளை அழுதால் போதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வாசலில் நிற்பார்கள். "பால் பத்தலியா ஏட்டி? தாய் இப்பிடிக் கெடந்தா பிள்ளை எப்பிடித் தேறும்?"  நான் முற்றத்தில் நின்று எதையாவது கூட்டிப் பெருக்குவேன். ஒரு அப்பன் வேறு என்னதான் செய்வது?

பிள்ளைக்குக் கழுத்து நின்ற சமயம், ஒரு சாயங்காலம் அவளாகவே வாயைத் திறந்தாள்.

"அப்பா, எனக்குக் கடலுக்குப் போகணும். ரெண்டு நாள் அங்கயே தங்கணும்."

நான் எப்படிச் சந்தோஷப்பட்டேன் தெரியுமா. பிள்ளை பெற்ற பிறகு அவள் வேண்டும் என்று கேட்ட முதல் காரியம் அது. லெட்சுமிதான் கோபத்தில் குதித்தாள். "பச்சப்பிள்ளைக்குக் கடக்காத்து ஆவுமா? சளி பிடிச்சா யாரு பாக்க? இன்னும் சோறு ஊட்டாத பிள்ளையைத் தூக்கிட்டு எவளாவது கடலுக்குப் போவாளா?"

அவளைக் குறை சொல்லக்கூடாது. எங்கள் வயக்காட்டு ஆட்களுக்குக் கடல் எதற்கு? ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போட, இல்லாவிட்டால் அஸ்தி கரைக்க. எங்கள் வயலில் வடிகிற தண்ணீர் பழையாற்றில் சேர்ந்து உங்கள் மணக்குடியில்தான் கடலுக்குப் போகிறது. அவ்வளவு பக்கம். ஆனாலும் ஒரு ராத்திரி அந்தக் கரையில் படுத்தவன் எங்கள் தெருவில் கிடையாது. "ஒரு நாளாவது என் வீட்டுல வந்து தங்கும் ஓய்" என்று நீ கூப்பிட்ட போதெல்லாம் நானும் அடுத்த அறுப்பு முடியட்டும் என்றுதான் சொன்னேன்.

மறுநாளே வேட்டியை மாற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்கு ரூம் பார்க்கப் போனேன். லாட்ஜ் பையன் கேட்டான், "தர்ப்பணத்துக்கா பெரியவரே?"

"இல்ல, பேத்தியோட காத்து வாங்க."

"பேத்தி என்ன படிக்கா?"

"இன்னும் குப்புற விழல்ல."

அவன் சிரித்துவிட்டான். நான் விடாமல் கேட்டேன். தொட்டில் கட்ட மேலே கொக்கி இருக்கா, பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வருமா, ஜன்னல் இடுக்கில் காற்று அடிக்குமா, கொசு உண்டா. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கூட நான் இத்தனை கேள்வி கேட்டதில்லை. "கடல் பாத்த ரூம் இருக்கு, வாங்க" என்று உச்சி மாடிக்குக் கூட்டிப் போய் பால்கனிக் கதவைத் திறந்தான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பாறை. பாறையில் அலை மோதிச் சிதறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. சாப்பிடாதவள், தூங்காதவள், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்காதவள், எதற்குக் கடலைக் கேட்கிறாள்?

 கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பையன் தண்ணீர் கொண்டுவந்தான். ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. மணக்குடி என்று போட்டிருந்த பஸ்ஸில் ஏறினேன். நீ செத்துப் போய்விட்டாய், வீட்டில் இருக்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் ஏறினேன்.

உன் பெண்டாட்டி பிலோமி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, அவரு இருக்கும்போது வராத ஆளு, இப்ப வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றாள்.  மகளும் பேத்தியும் ரெண்டு நாள் தங்க உங்கள் ஊரில் வீடு கிடைக்குமா என்று கேட்டேன். மாடி வேண்டாம், தரை வீடாக இருக்கட்டும் என்றேன். கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும், தண்ணீர் தள்ளி இருக்க வேண்டும், ராத்திரி பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

பிலோமி மீனைக் கீழே வைத்தாள். "அண்ணே, நீங்க பிள்ளைக்கு வீடு பாக்கியளா, செயிலு பாக்கியளா?"

நான் அழுதுவிட்டேன், மக்கா. உன் வாசலில், மீன் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவகிட்ட கேட்டியளா?" என்றாள்.

"எப்பிடிக் கேக்க முடியும் பிலோமி?"

"வாயாலதான். வேற எதால கேப்பிய?"

"கேட்டு, இல்லாத நெனப்பு வந்துட்டா?"

"கேட்டா வராதுண்ணே. இருந்தாத்தான் இருக்கும். யாரும் கேக்காம இருந்தா, அதை வச்சுக்கிட்டுத் தனியாக் கெடந்து வேகணும். நான் கெடந்தேன்."

அதன் பிறகு அவள் சொன்னாள். உன் ரெண்டாவது பையன் பிறந்தபோது அவளும் இப்படித்தான் கிடந்தாளாம். பொழிமுகத்தில், ஆறு கடலில் விழுகிற இடத்தில் போய் நின்றாளாம். நீ கடல் தொழிலை விட்டு, மீன் விற்பதையும் விட்டு, அவள் பக்கத்திலேயே இருந்து டாக்டரிடம் கூட்டிப் போனாயாம். ஒரு மாசம் நீ எங்கள் ஊருக்கு வரவில்லை, எனக்கு நினைவு இருக்கிறது. கேட்டதற்கு சைக்கிள் ரிப்பேர் என்றாய். ஏன் மக்கா சொல்லவில்லை? இவன் நெல்லுக்காரன், இவனுக்கு என்ன புரியும் என்று நினைத்தாயா? சொல்லியிருந்தால், உமா சுவர்ப் பக்கம் திரும்பிய முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்காதா?

வீட்டுக்கு வந்தேன். லெட்சுமி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பிள்ளை தொட்டிலில் உறங்கியது. உமாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்தால் என்னால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

"மக்ளே, செத்துப் போயிரலாம்னு உனக்குத் தோணுதா?"

சுவரைப் பார்த்துக் கிடந்தவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, "தோணும்ப்பா" என்றாள்.

"கடலுக்குப் போகணும்னது அதுக்கா?"

"இல்லப்பா. இஞ்ச என்னால அழ முடியல்ல. நான் மூக்கை உறிஞ்சினாலே அடுத்த வீட்டுக்குக் கேக்கு. உடனே வந்து நிக்காவ. கடலடியில நின்னு கத்தி அழுதா யாருக்கும் கேக்காதுல்லா. அதுக்குத்தான்." தொட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "ஆனா அங்க போனா என்ன செய்வேன்னு எனக்கே நிச்சயமில்லப்பா. அதான் உங்ககிட்டச் சொன்னேன். தனியாப் போகணும்னா சொல்லாமப் போயிருப்பேன்."

அந்தோணி, இந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இன்றுவரை மூச்சு விடுகிறேன்.

மறுநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இது பிடிவாதம் இல்ல, வளர்ப்புல உள்ள குறையும் இல்ல. நோய். பிள்ளை பெத்த நிறைய பேருக்கு வருது, குணமாகும். மாத்திரை தவறக்கூடாது. தனியா விடக்கூடாது. ராத்திரி பிள்ளையை நீங்க பாத்துக்கிட்டு அவங்களைத் தூங்க விடுங்க." கடலைப் பற்றிக் கேட்டேன். "மருந்து பிடிக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வீட்டில் லெட்சுமியிடம் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உடம்புக்கு வேண்டிய மருந்தெல்லாம் அரைச்சேன் அண்ணே. இதுக்கு அரைக்கல்லியே" என்றாள். அன்று முதல் வாசலில் வந்து நிற்கிற பெண்களை அவள்தான் திருப்பி அனுப்புகிறாள். மருமகன் போனில் அழுதான், லீவு கேட்டிருக்கிறான்.

இப்போது உமா கொஞ்சம் சாப்பிடுகிறாள். நேற்று பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் வரவில்லை. போன வாரம் டாக்டரம்மா, போய் வாருங்கள், ஆனால் ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள் என்றார். நாளைக்குக் காலையில் கிளம்புகிறோம். உன் வீட்டில்தான் தங்கல். பிள்ளைக்குக் காது மூடுகிற குல்லா, கம்பளி, வசம்பு, ஃபிளாஸ்க் எல்லாம் லெட்சுமியே எடுத்து வைத்துவிட்டாள். அவளும் வருகிறாள். பிள்ளையை பிலோமி பார்த்துக்கொள்வாள், உமாவை நான்.

சந்தோஷமாகப் போகிறோம் என்று எழுத ஆசை. பொய் எழுத இந்தக் கையைப் பழக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் ஊர்க் கரையில் எந்த இடத்தில் இழுப்பு குறைவு? அலை ஒதுங்கிப் போகிற நேரம் எது? நான் கிழவன், அவள் ஓடினால் என்னால் ஓட முடியுமா? இதையெல்லாம் உன்னிடம்தானே கேட்பேன். நீ எங்கே இருக்கிறாய்?

இதை நாலு பேர் வாசிக்கக் கொடுக்கட்டுமா என்று உமாவிடமே கேட்டேன். முழுவதும் வாசித்தாள். "கொடுங்கப்பா. என்னை மாதிரி எவளாவது சுவரைப் பாத்துக் கெடப்பா. அவ அப்பன் வாசிக்கட்டும்" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மக்கா. நாளைக்கு அவள் அலைக்குப் பக்கத்தில் நின்று அழுவாள். போதும் மக்ளே என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணைத் துடை என்று சொல்ல மாட்டேன். எத்தனை நேரம் ஆனாலும் அழட்டும். ஊருக்குக் கேட்க வேண்டாம். எனக்குக் கேட்கிற தூரத்தில், அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில், நான் நிற்பேன்.

உன் கூடப்பிறக்காத அண்ணன்,
உமாவின் அப்பா,
தாணு