கணவாயில் கேட்ட சத்தம்

8 ஜனவரி 1993
மேல்பள்ளத்து ஊர்

என் செல்லக் குய்மேய்,

பள்ளிக்கூட வேலை பிடித்திருக்கிறதா? நான் கல்யாணமாகி வந்த மறுவாரமே இங்கே எருமைக்கன்று செத்துவிட்டது. அன்றிலிருந்து மாமியாருக்கு ஒரே கேள்வி: "வர்ற வழியில இடி கேட்டுச்சா?"

கல்யாணத்தன்று இங்கே நடந்து வரும்போது கணவாயில் ஒரு சத்தம் கேட்டு நின்றோமே, அதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடி கேட்ட கல்யாணம் நிலைக்காது, பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்கிறார். "உன் தங்கச்சிதானே கூட நடந்தா? அவ சொல்லட்டும். பொய் பேசத் தெரியாத பொண்ணு" என்று முடிவை உன்னிடம் விட்டுவிட்டார்.

அது என்ன சத்தம்? நன்றாக யோசித்து எழுது.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மணிக்கட்டில் கதவு பட்டுவிட்டது.

உன் அக்கா
யின்லியென்

14 ஜனவரி

அன்பு அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நேற்று கணவாய்க்கே போய், சாலை போடுகிற மேஸ்திரியைக் கேட்டேன். "ஏம்மா, குளிர்காலத்துல இடி எங்கேர்ந்து வரும்? பாறைக்கு வெடி வச்சது நாங்க!" என்று சிரித்தார். இடிக்குப் பயந்துதானே நம்மவர்கள் அறுவடை முடித்துக் கல்யாணம் வைப்பது!

இனி உன்னை யாரும் அனுப்ப முடியாது. சந்தையன்று நானே வந்து மாமியாரிடம் சொல்கிறேன். அண்ணனிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால், "கட்டிக்குடுத்த பொண்ணு வாசல்ல வந்து நின்னா ஊர்ல எப்படித் தலைகாட்டுறது?" என்று குதிப்பார்.

கதவைப் பார்த்துத் திற, மக்கு அக்கா.

குய்மேய்

19 ஜனவரி

குய்மேய்,

நீ அவ்வளவு தூரம் போய்க் கேட்டிருக்க வேண்டாம். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

இந்த வீட்டுக் கதவுகள், அவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் மட்டும் என்மேல் படுகின்றன. இந்த முறை தோள். இதை இடது கையால் எழுதுகிறேன்.

நானாக வந்தால் அண்ணன் மறுநாளே கொண்டுவந்து விட்டுவிடுவார். இவர்களாகத் திருப்பி அனுப்பினால்தான் எனக்கு வழி உண்டு.

இன்னொரு முறை யோசித்துப் பார், கண்ணு.

அக்கா

23 ஜனவரி

அன்பு அக்காவுக்கு,

இதை உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டு. அவருக்கு என் வணக்கம்.

அன்று கணவாயில் கேட்டது இடி. நம் தலைக்கு நேர்மேலே இடித்தது. முதலில் கேட்டவள் நான்தான். பயத்தில் உன் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் வாய்திறக்காததற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

யார் முன்னால் வேண்டுமானாலும் நின்று சொல்கிறேன். சந்தையன்று காலையில் வருகிறேன். கல்யாணத்தன்று நீ பிடித்துவந்த சிவப்புக் குடையை எடுத்து வை.

தங்கை
குய்மேய்