தலை வார்ப்பு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது, எதுவானாலும் எழுது என்றாய். எழுதுகிறேன். கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி மேலும் கீழும் போகும். பொறுத்துக்கொள்.

நீ வார்த்த மெஷினின் அடிப்பாகமும் தூணும் லாரியில் நல்லபடியாக வந்து சேர்ந்தன. முன்னறையில் இறக்கிவைத்திருக்கிறேன். அரம் வைத்துப் பார்த்தேன், வழுக்காமல் பிடித்துக்கொண்டு போகிறது. எங்கும் ஒரு பொத்தல் இல்லை. அத்தான் போனபிறகு நீ வார்ப்புப் பட்டறையை எப்படி நடத்தப்போகிறாய் என்று பேசியவர்களை இந்த இரும்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய். புதிதாக ஒன்றும் இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மருந்தும் இல்லை, ஆபரேஷனும் இல்லையாம். இப்போது குழாய் வழியாக எட்டிப்பார்ப்பது போல இருக்கிறது. குழாய்க்குள் விழுவது மட்டும் தெளிவு.

கம்பெனியில் கணக்கை முடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. கேட் வரைக்கும் கூடவே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வீட்டுல நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து மில்லிங் மெஷின் ஓட்டிய ஆளிடம் கேட்கிறார். 

அதனால்தான் அக்கா இந்த மெஷின். இனி எந்தப் பட்டறையிலும் என்னை உள்ளே விட மாட்டார்கள். எனக்கென்று ஒன்று இருந்தால் யாரும் என்னை வெளியே அனுப்ப முடியாது. கடையில் விற்கும் மெஷினில் கைச்சக்கரத்தைச் சுற்றினால் அதிலுள்ள கோடுகளைக் கண்ணால் படிக்க வேண்டும். என்னுடையதில் சக்கரத்துக்குள் பள்ளங்களும் ஸ்பிரிங் வைத்த குண்டும் இருக்கும். ஒவ்வொரு 'டிக்'குக்கும் மேஜை எவ்வளவு நகரும் என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே வேலை செய்யலாம். அந்தச் சக்கரங்களை முதலிலேயே செய்து முடித்துவிட்டேன், கண் இருக்கும்போதே.

நீ மண்ணில் பதித்து அச்செடுக்க, மேஜைக்கான மரமாதிரியை நாளை அனுப்புகிறேன். அதற்குப் பிறகு தலை மட்டும்தான் பாக்கி.

உன் தம்பி


ஜனவரி 22

அன்புத் தம்பிக்கு,

நலம். இருமல் மட்டும் போகமாட்டேன் என்கிறது. உலைப் புகையில் நின்றால் அப்படித்தான் என்று நீ சொல்லுவாய், சொல்லாதே.

மேஜை வார்த்தாகிவிட்டது. உன் மரமாதிரிக்குச் சாய்வு போதவில்லை. மண்ணைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, பள்ளிக்கூட நாளில் போர்வைக்குள் நீ கிடந்த மாதிரியே. தட்டித் தட்டி எடுத்தேன். அடுத்த முறை ஓரங்களை இன்னும் கொஞ்சம் இழைத்து அனுப்பு.

நீ எழுதியதை எல்லாம் படித்தேன். டிக் எண்ணுவது எனக்குப் புரிந்தது. ஒன்றுதான் புரியவில்லை. பல் வைத்த கட்டர் சுற்றும்போது உன் கை எங்கே இருக்கும்? அதை மட்டும் எழுது.

உன் வீட்டுக்காரி என்ன சொல்கிறாள்? அவளைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மேஜை வந்தது. தலையின் மரமாதிரியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கட்டரைப் பிடித்துச் சுழலும் தண்டு இதற்குள்தான் உட்காரப்போகிறது, அதனால் நடுவில் கொஞ்சம்கூடப் பொத்தல் வரக்கூடாது. சாய்வு கொடுத்திருக்கிறேன், திட்டாதே.

சீக்கிரம் வார்த்து அனுப்பு அக்கா. எனக்கு நேரமில்லை. மேஜை நகரும் வழுக்குப் பரப்புகளைச் சுரண்டி மட்டம் செய்துகொண்டிருக்கிறேன். மட்டப் பலகையில் நீல மை தடவி மேலே தேய்த்து எடுத்தால் மேடான இடத்தில் நீலப் புள்ளி ஒட்டும். அந்தப் புள்ளிகளை மட்டும் சுரண்ட வேண்டும். போன மாதம் ஒரு உள்ளங்கை அளவு இடம் ஒரே பார்வையில் தெரிந்தது. இப்போது கட்டைவிரல் அளவுதான் தெரிகிறது. புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, சுரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினால் புள்ளியைக் காணோம். நேற்று தவறான இடத்தைச் சுரண்டிவிட்டேன். ஒரு வாரத்து வேலை போயிற்று. விரலால் எல்லாம் செய்துவிடலாம் என்று நினைத்தேன், நீலத்தை மட்டும் விரலால் பார்க்க முடியவில்லை.

அவளைப் பற்றிக் கேட்டாய். தையல் மெஷினை உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். "உங்க இரும்புத் தூள் வந்து துணியெல்லாம் கறையாகுது" என்றாள். காரணம் அது இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். நடுவில் இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள்.

கை எங்கே இருக்கும் என்று கேட்கிறாய். என் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

தலையை நான் வார்க்கப்போவதில்லை.

சுற்றி வளைத்து எழுதத் தெரியாது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதியிருந்தால் ஒருவேளை வார்த்திருப்பேன். நீ எழுதியது பதில் இல்லை. கண் நன்றாகத் தெரிகிற ஆட்களே கட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு வருகிறார்கள். இரும்புச் சீவலைத் துடைக்கலாம் என்று ஒரு கணம் கை தானாகப் போகும். நீயும் துடைக்கப் போவாய், பழக்கம் அது.

அடிப்பாகம் கேட்டாய், தூண் கேட்டாய், மேஜை கேட்டாய். வார்த்துக் கொடுத்தேன். அவையெல்லாம் சும்மா கிடக்கும் இரும்பு. தலை வைத்தால்தான் அது மெஷின். உன்னைக் கடிக்கப்போகிற பல்லை என் கையால் வார்க்கச் சொல்கிறாயா?

மரமாதிரியைத் திருப்பி அனுப்புகிறேன். கோபப்படு. சாப்பிடாமல் இருக்காதே.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அதைப் படித்து முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துத்தான் நீ மாட்டேன் என்று சொன்னதைத் தெரிந்துகொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். இந்தப் பத்து விரலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? காலையில் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு முன்னறைக்கு வருகிறேன். நாற்காலி இருக்கிறது. சாப்பாடு வருகிறது. யார் வந்தாலும் "எப்படி இருக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்கிறார்கள், காது போனவனிடம் கேட்பது போல. பிறகு அவளிடம் திரும்பி, "சாப்பிடுறாரா? தூங்குறாரா?" என்று கேட்கிறார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை. காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள். வார்த்துக் கொடு.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

மரமாதிரி வந்து சேர்ந்ததா? ஒரு வரி எழுது. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். என்னைத் திட்டியாவது எழுது.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

இதை நானே எழுதுகிறேன். தாளின் மேல் அட்டையை வைத்து அதன் ஓரமாகவே எழுதிக்கொண்டு போகிறேன். எழுத்தின் மேல் எழுத்து விழுந்திருந்தால் மன்னித்துக்கொள்.

நீ இல்லையென்றால் ஊரில் வேறு பட்டறையா இல்லை என்று இங்கேயே ஒருவரிடம் தலையை வார்க்கக் கொடுத்தேன். வாங்கி வந்து தடவிப் பார்த்தபோது மேலே நன்றாகத்தான் இருந்தது. பழைய கம்பெனி நண்பர் ஒருவர் தண்டுக்கு ஓட்டை போட்டுத் தருவதாக எடுத்துப்போனார். பாதி ஆழத்தில் உள்ளே ஒரு குகையே இருந்ததாம். கருவி அதில் சிக்கி, தலை இரண்டாகப் பிளந்துவிட்டது. மரமாதிரியை மண்ணிலிருந்து நெம்பி எடுக்கும்போதே உடைத்துவிட்டார்களாம். உடைந்த கட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

இன்னொரு மாதிரி செய்ய என்னால் ஆகாது. உளியின் முனை தெரியவில்லை. கோடு தெரியவில்லை. வலது கண் முழுதாகப் போய்விட்டது.

தலையில்லாத அந்த மெஷின் முன்னறையில் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் இடித்துக்கொள்கிறேன். உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். ஏன் அழுகிறாள் என்று தெரியவில்லை, இவ்வளவு நாளும் அதைத்தானே கேட்டாள்.

இனி நான் எழுத மாட்டேன். நீ எழுதினால் அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும். எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு இருந்த ஒரே வழி அது. நீ வார்த்திருந்தால் பிளந்திருக்காது, அது உனக்கும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.


மே 27

அன்புத் தம்பிக்கு,

இதை உன் வீட்டுக்காரி படிக்கிறாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அம்மாடி, எதையும் விடாமல் படி. நடுவில் ஓர் இடம் வரும், அதையும் படி.

பிப்ரவரி மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போனதாகச் சொன்னாளே, அங்கே போகவில்லை. என் பட்டறைக்கு வந்தாள். உலைச் சூட்டில் நின்றுகொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு போனா நான் பார்த்துக்குவேன் அண்ணி. கையும் போச்சுன்னா அவர் உயிரோட இருக்க மாட்டார். தலையை மட்டும் வார்த்துடாதீங்க" என்றாள். நான் சரி என்றேன். உனக்கு எழுதியதெல்லாம் என் பயமும்தான், ஆனால் என் பயம் மட்டும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவு செய்தோம். கோபம் வந்தால் இரண்டு பேர் மேலும் சமமாகப் படு.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு ஒருநாள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் போனேன். ஆட்கள் சிரித்தார்கள். அச்சுப் பெட்டியில் மண்ணை இடித்தேன், இறுக்கம் கைக்குத் தெரிந்தது. காற்றுப் போக ஊசி குத்தினேன், அதுவும் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் செய்தேன். அப்புறம் மண் இடிக்கிற பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். சுற்றிலும் எல்லோரும் வேலை செய்கிற சத்தம். நான் உட்கார்ந்திருந்தேன். அதை என்னால் தாங்க முடியவில்லை தம்பி. துணியை அவிழ்த்துவிட்டேன். உன்னால் அவிழ்க்க முடியாது.

மாதிரியைத் திருப்பி அனுப்புவதற்கு முன் எல்லா அளவும் எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது. இப்போது புதிதாக ஒன்று செய்து வார்த்தேன். முதல் முறை பெட்டியின் இடுக்கு வழியாக இரும்பு ஒழுகித் தரையெல்லாம் ஓடியது. இரண்டாவது நன்றாக வந்தது. தட்டிப் பார்த்தேன், மணி போல ஒரே சத்தம். தண்டுக்கான ஓட்டையையும் இங்கேயே போட்டு, உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

உன் மாதிரி போல இது இருக்காது. கட்டரைச் சுற்றி ஒரு கவசம் வைத்து, தலையோடு ஒரே இரும்பாக வார்த்திருக்கிறேன். திருகாணி கிடையாது, உன்னால் கழற்ற முடியாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிடிகள் இருக்கின்றன. இரண்டையும் அழுத்திப் பிடித்திருந்தால்தான் மோட்டார் ஓடும், ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். அதற்கான சுவிட்சை எலக்ட்ரீஷியன் வந்து மாட்டுவார். மேஜையை நகர்த்த, கைச்சக்கரத்தோடு இணைத்துக் காலால் மிதிக்கிற மாதிரி ஒரு சங்கிலி வைத்துக்கொள். டிக் சத்தம் எப்படியும் கேட்கும்.

கை எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், நீ சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை லாரி வரும்.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்வது நான், எழுதுவது அவள்.

உன் கடிதத்தை அவள் விடாமல்தான் படித்தாள். அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள்.  மறுபடி அவளாகவே தொடங்கி மிச்சத்தைப் படித்தாள். அதன் பிறகு இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. உன்னோடு இவ்வளவு நாள். சமமாகப் படச் சொன்னாய், என்னால் முடிந்தது இதுதான்.

மூன்றாம் நாள் அவளே வந்து, "அந்த நீலத்தைக் கொடுங்க, எங்க ஒட்டியிருக்குன்னு நான் சொல்றேன்" என்றாள். அப்படித்தான் மீதி முழுவதையும் சுரண்டி முடித்தோம். அவள் என் விரலைப் பிடித்துப் புள்ளியின் மேல் வைப்பாள், நான் சுரண்டுவேன். துணியில் நூலிழை பார்க்கும் கண், ஒரு புள்ளியைக்கூட விட்டுவைக்கவில்லை. இன்னும் சரியில்லை, மறுபடி சுரண்டுங்க என்று மேஸ்திரி மாதிரி அதட்டல் வேறு. இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்றேன்.

உன் கவசம் பானையைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு அவலட்சணமான மில்லிங் மெஷினை நான் கண்டதில்லை. முதல் நாள் சீவலைத் துடைக்க வலது கையை எடுத்துவிட்டேன். மெஷின் நின்றது.  நீ சொன்னது சரி.

பக்கத்துத் தெரு பம்ப் பட்டறையிலிருந்து தண்டுகளில் சக்கரத்தைப் பூட்டும் சாவிக்குப் பள்ளம் வெட்டக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று முதல் தண்டை வெட்டினேன். அளவு சரியாக இருந்தது, அவள்தான் அளந்தாள்.

கண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. இடது கண்ணில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஆள் தெரியாது, ஆனால் விளக்கு இருக்கிற இடம் நன்றாகத் தெரிகிறது. எனக்கு அது போதும்.

இருமலுக்கு டாக்டரைப் பார்.

உன் தம்பி

அண்ணி, இதற்குக் கீழே எழுதுவதை அவருக்குப் படித்துக் காட்டப்போவதில்லை. நேற்று அவர் அந்தத் தண்டை வெட்டும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். மெஷினுக்கு மேலே தொங்கும் பல்ப் காலையிலேயே பியூஸ் போய்விட்டது. அவர் அந்தப் பக்கமாக முகத்தை உயர்த்தி, "இந்த விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையேன், கண்ணு கூசுது" என்றார். எரியாத அந்த விளக்கை நான் தள்ளி வைத்தேன். "இப்ப?" என்று கேட்டேன். "இப்பச் சரி" என்றார்.

இன்று கடைக்குப் போய் வேறு பல்ப் வாங்கிவந்து மாட்டினேன்.