அலாரமும் குழம்புச் சட்டியும்

என் வீட்டு மேலிடத்துக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? எனக்குத் தொப்பையைத் தவிர ஒரு குறையுமில்லை.

எங்கள் விடுதியின் பொதுச் சமையலறையில் கேஸ் கசிந்தால் அலறும் அலாரம் இந்த வாரம் மூன்று முறை அலறியது. தெருவுக்கு ஓடினோம். கசிவே இல்லை, என் குழம்புதான் குறைந்திருந்தது. சந்தேகப்பட்டு நேற்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். பக்கத்து அறை வெல்டர் வந்து அலாரத்தின்மேல் சென்ட் அடித்தான். அது அலறியதும் சட்டியைத் திறந்தான்.

“நிஜமாவே கசிஞ்சா எவன்டா ஓடுவான்?”

“கோவிச்சுக்காதீங்கண்ணே, அண்ணி அரைச்ச பொடி வாசனை இழுக்குது.”

சென்ட்டைப் பிடுங்கிக்கொண்டேன். இன்று அவனுக்கும் பரிமாறினேன். பாதியில் மறுபடி அலறல்! சென்ட்டோ என் சட்டைப்பையில். இருவரும் ஓடினோம். தெருவில் நின்றுதான் எழுதுகிறேன்.

பொடியை இனி இரண்டு பேருக்காக அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை.

உள்ளே போய்ப் பார்த்தவன், “பேட்டரி தீரப்போகுதுன்னுதாண்ணே கத்துது. நீங்க மெதுவா எழுதிட்டு வாங்க!” என்கிறான். மெதுவாகவா? சட்டி உள்ளே இருக்கிறது. ஓடுகிறேன்.

உன் சந்தேகப் பிராணி.