ஓரத்தில் வீசினாலும் வீச்சுதான்

அன்பு மகன் டெல்மருக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், மாடுகளும் சுகம், உன் சுகத்தைத்தான் போனில் கேட்டு நம்ப முடியவில்லை, "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால் காகிதத்தை எடுத்தேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

அப்பா இரண்டாம் புல்லறுப்பை முடித்துவிட்டார், உன் தங்கை நோர்மா மறுபடியும் பேக்கரி வேலையை விட்டுவிட்டு வீட்டில் அமர்க்களம் செய்கிறாள். பொழுது சாய்ந்தால் நீ ஆடுகிற ஊர் ரேடியோ இங்கே தெளிவாகக் கேட்கிறது, அப்பா அதை மாட்டுக்கொட்டகைக்கே கொண்டுபோய்விட்டார். நேற்று பேஸ்பால் ஆட்டத்திலும் அந்த வர்ணனைக்காரன், "நம்ம இடதுகைத் தம்பி திரும்ப எழுந்துட்டாரு, ஓரத்துல பந்து வீசிக் கையைச் சூடு பண்றாரு" என்று குஷியாகச் சொன்னான். எதிரணியில் இடதுகை மட்டைக்காரன் வந்தால் அவனை அடக்க இடதுகை வீச்சாளன் வேண்டும் என்று உன்னை எழுப்பி வீச வைப்பதும், அவன் வராவிட்டால் உட்கார வைப்பதும், மறுபடி எழுப்புவதுமாக ஆட்டம் முடிந்தது, உன்னைக் களத்தில் இறக்கவே இல்லை. காலையில் பேப்பரில் உன் பெயரே இல்லை. "நேத்து அவன் வீசவே இல்லடி, எதுக்குப் புலம்புற?" என்கிறார் அப்பா. ஓரத்தில் நின்று வீசினால் அது வீச்சு இல்லையா? இடதுகைக்காரர்கள் மூன்று பேர் இருந்தீர்கள், ஒருவனை மேல் அணிக்கு எடுத்துக்கொண்டார்கள், ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனான், மிச்சம் நீ ஒருத்தன். மேனேஜர் உன்னைத் தங்கம் என்கிறாராம், பெருமையாகச் சொன்னாய். போன மாதம் வந்திருந்தபோது காபிக் கோப்பையை வலது கையால் எடுத்தாய், பிறந்ததிலிருந்து நீ அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை, அப்பா எதிரில் கேட்கவேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் ஓக்லஹோமாவிலிருந்து டாக்கெட் என்று ஒரு அம்மாள் பேசினாள், உங்கள் கிளப் ஆபீசில் நம் நம்பரைக் கொடுத்தார்களாம். அவள் மகன் வெள்ளிக்கிழமை உங்கள் அணிக்கு வருகிறான், அவனும் இடதுகைக்காரன். "ஏங்க, தங்குற வீடு சுத்தமா இருக்குமா, சாப்பாடு ஒழுங்கா போடுவாங்களா?" என்று சந்தோஷத்தில் மூச்சு வாங்கக் கேட்டாள். அப்பாடா, இனி உனக்குப் பாதி பாரம் குறையும் என்று எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "அங்க இருக்கிற ஒரே இடதுகைப் பையனுக்கு முழங்கை போயிடுச்சாம், என் பையன் வர்ற வரைக்கும் அவனையே வீச வெச்சுட்டு அப்புறம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம், பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்றாள். நீ எந்தக் கையால் வீசுகிறாய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உடனே நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாளுக்கு போன் போட்டேன், நீ மைதானத்துக்குப் போய்விட்டாயாம். விடியற்காலை ரோலண்ட் மாமா லாரியில் அந்த வழியாகப் போய்த் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் மேனேஜரிடம் போய், கை முடியவில்லை என்று உன் வாயால் சொல். அவர்களுக்குத் தெரியும், உனக்கும் தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது, இனி யாரிடமடா மறைக்கிறாய்? சொல்லிவிட்டு மாமாவோடு லாரியில் ஏறி வந்துவிடு கண்ணா, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னையும் உன் கையையும் காக்கட்டும். புறப்படுமுன் அந்தப் பையன் வந்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, ஓரத்தில் வீசுவதும் கையைத் தின்னும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீயாவது சொல்லிவிட்டு வா.

உன்னைப் பெற்றவள்,
அர்லீன்