முத்திரை மண் ஏறிய ஓடம்

நலம் நிலைக்க; நீர்வளம் பெருகுக. மூன்று கழிமுகங்களையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் மூவாற்று நாட்டு அரசி, கயல் முத்திரைக்கு உரிய மாநீலத் தேவியார், உப்பளங்களுக்கும் ஓடத்துறைகளுக்கும் தலைவராகிய உப்பந்துறை வயிரமேகனாருக்கு எழுதுவித்த ஓலை. உமது துறையில் ஓடங்கள் தடையின்றிச் செல்க. உமது மனையோரும் மக்களும் நோயின்றி வாழ்க.

உப்பளத்து வேலைக்குச் செல்வோர் தம் சிறு மக்களை விட்டுச்செல்லும் கூடத்தில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை, பொழுதெல்லாம் ஆட்டமும் கூச்சலுமே என்று முன்னர் எமக்கு ஓலை விடுத்தீர். பால்பல் விழாத பிள்ளைகளின் விளையாட்டுக்கு அவ்வளவு பெரிய கூரை எதற்கென்றும், அதை உப்புக்கிடங்காக்கித் தருமாறும் வேண்டினீர். நாமும் அது முறையென்றே எண்ணி, கூடத்தை அடைத்து வர ஓலைநாயகம் காரிநம்பியை அனுப்பினோம்.

காரிநம்பியை நீர் அறிவீர். இட்ட கட்டளையை இம்மியும் பிசகாமல் முடித்துத் திரும்புகிறவர். அவர் சிரித்துப் பார்த்தவர் நம் அவையில் ஒருவரும் இல்லை. கதவின் தாழைக் கயிற்றால் கட்டி, முடிச்சின்மேல் ஈரமண் அப்பி முத்திரை பதித்தாலன்றி எந்த அடைப்பும் செல்லாது என்பதும், அம்மண் அரண்மனைக் குளத்து மண்ணாகவே இருக்கவேண்டும் என்பதும் இந்நாட்டு வழக்கு அல்லவா? ஆகவே ஈரத்துணி சுற்றிய மண் உருண்டையைத் தாமே சுமந்து சென்றார். சென்றவர், கூடத்தை நடத்தும் சேந்தியாரிடம் கட்டளையை வாசிப்பதற்காக அதைக் கீழே வைத்தார். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் பிசைந்த மண்ணை வைத்தால் என்ன ஆகும் என்பது அவ்வளவு பெரிய அதிகாரிக்குத் தோன்றவில்லை.

சேந்தியார் அழவில்லை, வாதாடவும் இல்லை. தாய்மார் உப்பளத்திலிருந்து திரும்பும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்த இயலாது, அதுவரை பொறுத்தருள வேண்டும் என்று மட்டும் கேட்டார். நாளை முதல் அவர்கள் எங்கே நிற்பார்கள் என்ற கேள்வி காரிநம்பியின் நெஞ்சில் எழுந்தது. அதை அடக்கிக்கொண்டு, அருகில் கிடந்த நீண்ட பலகையின் ஓர் ஓரத்தில் அமர்ந்தார்.

அது பிள்ளைகளின் ஓடம். நடுவே அடியில் ஓர் உருண்டைக் கட்டை இருந்தது. இருபுறமும் பாரம் ஒத்திருந்தால்தான் ஓடம் மிதப்பதாகக் கணக்கு. பூதி என்னும் சிறுமி அன்றைய ஓடக்காரி. கூலியாகப் புளியங்கொட்டை கொடாதவர் ஏறலாகாது என்று அவள் ஓலைநாயகத்துக்கு அறிவித்தாள். அவர் கையை விரித்தார். வேறொரு பிள்ளை தன் கொட்டைகளில் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

பின்னர் பிள்ளைகள் கூடி ஆராய்ந்தார்கள். இருவர் மறுபுறம் ஏறினால் போதும் என்றான் ஒருவன்; ஓடம் அசையவில்லை. மேலும் இருவரை ஏற்றச் சொன்னாள் பூதி, அப்போதும் போதவில்லை. இன்னொருவன் ஏறியதும் நம் ஓலைநாயகத்தின் பாதங்கள் தரையை விட்டுக் கிளம்பின. இருந்தும் அவர் பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது. எனவே மறுபுறத்தில் சரக்கு ஏற்றினார்கள். கொஞ்சம் வைத்துப் பார்த்தார்கள்; மிகுந்தபோது கிள்ளி எடுத்தார்கள்; குறைந்தபோது பாதியைத் திருப்பி வைத்தார்கள். அவையிலே நாம் இவ்வளவு பொறுமையாக எதையும் நிறுத்துப் பார்த்ததில்லை. ஓடம் நேராக நின்றது.

அப்போதுதான் அச்சரக்கு நமது முத்திரை மண் என்பதைக் காரிநம்பி கண்டார். சினந்து எழ முயன்றார். சொல்லாமல் எழலாகாது, எழுந்தால் மறுபுறத்தில் உள்ளவர்கள் விழுவார்கள் என்று பூதி அவரைத் தடுத்தாள். எதிரே நோக்கினார். சின்னஞ்சிறு முகங்கள் அவரை நம்பி மூச்சடக்கி அமர்ந்திருந்தன. நம் கட்டளையன்றி வேறு கட்டளைக்குப் பணிந்தறியாத அம்மனிதர் அசையாமல் அமர்ந்தார். ஒவ்வொருவராக இறங்கி முடித்து, பூதி விடை கொடுத்த பின்னரே எழுந்தார்.

கதவுக்கு முத்திரையிடாமலே திரும்பி வந்து நம் முன் நின்றபோது, மண் போதவில்லை என்று சொல்லி அவர் தப்பியிருக்கலாம். நடந்ததை ஒன்றுவிடாமல் உரைத்து, மண் இருந்தது, மனந்தான் வரவில்லை என்று விண்ணப்பித்தார். சொல்லும்போது சிரித்தார். அவை திகைத்தது, நமக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை.

வயிரமேகனாரே, அக்கூடத்தில் எழுத்தில்லை என்றீர், உண்மை. எண்ணும் நிறையும் பகுத்தலும் முறைவைத்தலும் அங்கே ஆட்டமாகவே உடம்பில் ஏறுகின்றன. இவ்வளவுக்கும் பிள்ளைகள் எதையும் கற்பதாக எண்ணவில்லை. ஓடத்தின் ஒரு புறத்திலிருந்து எழுமுன் மறுபுறத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூடத்தைக் கேட்ட உமக்கும் கொடுக்கத் துணிந்த நமக்கும் அது தெரியவில்லை.

ஆகவே கட்டளை: கூடம் பிள்ளைகளுக்கே உரியது. உப்புக்கு வேறு இடம் தேடுக. மழைக்கு முன் அக்கூரையை உமது செலவில் வேய்ந்து தருக. வேய்ந்த அன்று நீரும் அவ்வோடத்தில் ஒருமுறை அமர்க. புளியங்கொட்டையை மறவாது கொண்டுசெல்க.

பிள்ளைகள் திருப்பித் தந்த மண்ணிலேயே இவ்வோலைக்கு முத்திரையிட்டோம். கயலின் வாலருகே ஒரு பிள்ளையின் விரல்தடம் பதிந்திருக்கக் காண்பீர். அதைத் தேய்த்துச் செப்பனிடக் காரிநம்பி முனைந்தபோது நாமே தடுத்தோம். அவ்விரலும் நம் முத்திரையே என்று அறிந்து நடக்க.